கட்டிலை விட்டு எழும்புங்கள்! இடுப்பு வலி ஆய்வுகளின் அதிசயங்கள் தெரியுமா?

உலகத்தில் மனிதர்களை ஆகக் கூடுதலான காலம் முடக்கிவைக்கும் நோய் எது, தெரியுமா? மாரடைப்பு என்பீர்கள், நீரிழிவு என்பீர்கள். இரண்டும் இல்லை. இடுப்பு வலி! உயிரை எடுக்காது, ஆனால் உயிரோடு இருக்கும் நாட்களைத் தின்றுவிடும். உலக நோய்ச்சுமைக் கணக்கில் 1990ஆம் ஆண்டிலிருந்து அந்த முதலிடத்தை அது யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2020இல் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இந்த வலி இருந்தது. 2050இல் அது 84 கோடியே 30 இலட்சமாகும் என்கிறது 2023இல் வெளியான கணிப்பு. கூடுதலாக ஏறப்போவது எங்கே? நம்முடைய ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும்!

பல்லேகமவை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர என்று நக்கிள்ஸ் மலையை வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் வரும் லக்கல பிரதேசத்து ஊர். களு கங்கைக்கு அணை கட்டியபோது பழைய நகரம் நீருக்குள் போய், மக்கள் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்த பூமி. நாற்று நடுவது குனிந்து, களை பிடுங்குவது குனிந்து, நெல் மூட்டை ஏறுவது முதுகில். அதே மாவட்டத்தின் மறுபக்க மலைகளில், எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும், நம் தோட்டத்துப் பெண்கள் கொழுந்தைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு இறங்குகிறார்கள்.

இங்கே ஒருவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டால் என்ன நடக்கும்? எண்ணெய் தேய்ப்பார்கள், பத்துப் போடுவார்கள், பெல்ட் கட்டுவார்கள், "அசையாமல் படு" என்பார்கள். சரிவராவிட்டால் பஸ் பிடித்து மாத்தளைக்கோ கண்டிக்கோ போய் ஸ்கான் எடுப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை உலகம் ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு பரிசோதித்துப் பார்த்திருக்கிறது! முடிவு தெரியுமா? மலை தாண்டிப்போய் காசு கொடுத்து வாங்கவேண்டியவற்றில் பல தோற்றுப்போயின. பல்லேகமவிலேயே சும்மா கிடைப்பவற்றில் பல வென்றுவிட்டன!

முதலில் அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் அதுதான். இடுப்பு வலி ஏறும், இறங்கும். யாரும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரிடம் ஓடுவார்கள். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும், எதை விழுங்கியிருந்தாலும் "அதுதான் சுகப்படுத்தியது" என்று தோன்றும். இந்த மயக்கத்தை உடைக்க ஒரே வழி, நோயாளிகளை நாணயம் சுண்டுவதுபோல் குருட்டுவாக்கில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு உண்மை மருந்தும் மற்றதற்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மருந்தும் கொடுப்பது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது! தங்கள் வலியோடு இப்படிக் குருட்டுவாக்கில் பிரிக்கப்படச் சம்மதித்த பல்லாயிரம் பேரின் தயவில்தான் இனி வரும் வரிகளில் பல நிற்கின்றன.

படுத்தால் சுகமா?

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ரிச்சர்ட் டேயோ என்ற வைத்தியர் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு ஏழு நாள் படுக்கை, மற்றதற்கு இரண்டே நாள். அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் படுக்கவைப்பதுதான் வழமை! முடிவில் இரண்டு கூட்டமும் ஒரேமாதிரித்தான் சுகப்பட்டன. ஆனால் இரண்டு நாள் படுத்தவர்கள் 45 சதவீதம் குறைவான வேலை நாட்களையே இழந்தார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1995இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேர். சிலருக்கு இரண்டு நாள் படுக்கை, சிலருக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் இல்லை: "முடிந்த அளவுக்கு உங்கள் அன்றாட வேலையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். வென்றது யார், தெரியுமா? அந்த மூன்றாவது கூட்டம்! திடீர் வலியின் கடுமையான நாட்களில்கூட வழமையான நடமாட்டம் படுக்கையைத் தோற்கடித்துவிட்டது.

பாயை விரித்துக் கட்டாந்தரையில் படு, பலகையில் படு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதையும் விட்டுவைக்கவில்லை! ஸ்பெயினில் நாட்பட்ட வலிக்காரர் 313 பேரின் வீட்டு மெத்தைகளை மாற்றி 90 நாள் கவனித்தார்கள். 2003இல் வெளியான முடிவு: கல்லுப்போன்ற கடின மெத்தையைவிட நடுத்தரக் கடினமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது.

ஸ்கான் காட்டுவதெல்லாம் நோயா?

இது தெரிந்தால் ஆடிப்போவீர்கள். 1994இல் அமெரிக்காவில், வாழ்நாளில் இடுப்பு வலிப் பிரச்சினையே இல்லாத 98 பேரைத் தேடிப்பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலியே இல்லாதவர்கள்! அவர்களில் 52 சதவீதமானோருக்கு, முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்றாவது வெளியே பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே!

2015இல் இதுபோன்ற 33 ஆய்வுகளை ஒன்றாகக் கோத்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களை அலசினார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதமானோருக்கு டிஸ்க் தேய்வு. 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம். அதாவது 80 வயதில் தேயாத டிஸ்க் வைத்திருப்பவர்தான் அபூர்வப் பிறவி!

அப்படியானால் "தட்டு விலகிவிட்டது", "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று ஒருவரிடம் சொல்லும்போது என்ன நடக்கிறது? நியூசிலாந்தில் பென் டார்லோவின் குழு நோயாளிகளோடு இருந்து பேசிப் பார்த்து 2013இல் எழுதியது: வைத்தியர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையை நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் சுமக்கிறார்கள். முதுகு பலவீனமானது, அதைக் காப்பாற்றவேண்டும் என்று நம்பிவிடுகிறார்கள். குனிய அஞ்சி, தூக்க அஞ்சி, கடைசியில் பிள்ளையைத் தூக்கவும் அஞ்சி. இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு விவசாயியிடம் "இனிக் குனியவே கூடாது" என்று சொல்வது அவருடைய வயலைப் பறிப்பது. அதைச் சொல்வதற்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் வேண்டும்!

இன்னொன்று தெரியுமா? காலுக்கு இறங்கும் வலியோடு டிஸ்க் உண்மையாகவே பிதுங்கியிருந்தாலும், சத்திரசிகிச்சை இல்லாமலே அது தானாகச் சுருங்குவது உண்டு. ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளில் அப்படி நடந்திருக்கிறது. உடலே அந்தத் துண்டை அடையாளம் கண்டு கரைத்து இழுத்துக்கொள்கிறது!

காலையில் நீங்கள் உயரம்!

டிஸ்க்குகளுக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்பது தெரியுமா? வளர்ந்த மனிதனின் உடலில் இரத்தக்குழாய் நுழையாத ஆகப்பெரிய உறுப்பு அதுதான். பிறகு எப்படிச் சாப்பிடுகிறது? பஞ்சை அமுக்கி விடுவதுபோல! பகலில் பாரம் ஏறும்போது நீர் வெளியேறும், இரவில் படுக்கும்போது சத்தோடு நீர் உள்ளே ஊறும். அதனால்தான் விடியற்காலையில் நாம் எல்லாரும் மாலையில் இருப்பதைவிட ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் உயரமாக எழும்புகிறோம். விண்வெளி வீரர்கள் பாரமே இல்லாத இடத்தில் ஐந்து சென்ரிமீற்றர்வரைகூட நீண்டுவிடுகிறார்கள். அங்கே சுமக்க ஒன்றும் இல்லை, குனிய வயலும் இல்லை. ஆனாலும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதுகு வலி வருகிறது!

ஜேர்மனியின் உல்ம் நகரில் ஒரு மனிதர் செய்ததைக் கேளுங்கள். 45 வயது, 70 கிலோகிராம் எடை, நல்ல ஆரோக்கியம். தன் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திக்கொள்ள ஒப்புக்கொண்டு, அதோடு நடந்தார், ஏறினார், சிரித்தார், தூங்கினார்! 1999இல் அந்த அளவுகள் வெளியாகின. படுக்கும்போது 0.1 மெகாபஸ்கல், நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து 20 கிலோகிராமைத் தூக்கும்போது 2.3, அதாவது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தின் 23 மடங்கு! முழங்காலை மடித்துத் தூக்கினால் 1.7. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் இன்னும் குறைவு. இரவு முழுக்கத் தூங்கிய பிறகு படுக்கை அழுத்தம் 0.24க்கு ஏறியிருந்தது, நீர் ஊறியதன் அடையாளமாக. உட்கார்ந்தால் முதுகு நசுங்கும் என்று 1960களிலிருந்து சொல்லிவந்த கதைக்கும் இங்கே அடி விழுந்தது. சாவகாசமாக உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் கூடவே இல்லை. இவ்வளவையும் ஒவ்வொரு நாளும் தாங்குகிற ஓர் அமைப்பைப் போய்ப் பலவீனம் என்கிறோமே!

அப்படியானால் டிஸ்க்கைத் தேய்ப்பது வேலைதானா? இதற்குப் பின்லாந்தில் ஒருமுட்டை இரட்டையர்களைத் தேடினார்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்க லொறியோ பஸ்ஸோ ஓட்டியவர், உடன்பிறந்தவர் ஓட்டாதவர். இப்படி 45 சோடி ஆண்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், டிஸ்க் தேய்வில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை! டிஸ்க் தேய்வில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. புகைப்பழக்கத்தில் மட்டும் வேறுபட்ட 20 சோடிகளில், புகைத்தவரின் டிஸ்க் 18 சதவீதம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வளைவுப் பாதைகளில் பஸ் ஓட்டும் சாரதிகளே, ஸ்டியரிங்கைவிடச் சிகரட்டைத்தான் சந்தேகிக்கவேண்டும்!

குளிசைகளின் கதை

இடுப்புப் பிடித்ததும் முதலில் எதைத் தேடுவோம்? பனடோல்! சிட்னியில் 2014இல் வெளியான ஆய்வில் திடீர் இடுப்பு வலிக்காரர் 1,652 பேர். ஒரு கூட்டம் நேரத்துக்கு நேரம் பரசிட்டமோல் எடுத்தது, ஒரு கூட்டம் வலித்தால் மட்டும், மூன்றாவது கூட்டம் வெறும் மாக்குளிசை. சுகப்பட எடுத்த நாட்களின் நடுநிலை எவ்வளவு தெரியுமா? 17, 17, 16! மாக்குளிசைக்காரர்கள் ஒரு நாள் முந்திவிட்டார்கள்.

சரி, வலுவான மருந்து? அபின் வகையைச் சேர்ந்த ஒக்சிகோடோனை 347 பேரில் சோதித்த அவுஸ்திரேலிய ஆய்வு 2023இல் வெளியானது. முதுகும் கழுத்தும் பிடித்தவர்களில் வெற்றுக் குளிசையைவிட அது எந்த விதத்திலும் சிறக்கவில்லை. நாட்பட்ட வலிக்கு? அமெரிக்காவில் 240 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2018இல் முடிவைச் சொன்னது. முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலிகளுக்குச் சாதாரண வலிநிவாரணிகளைவிட அபின் வகை மேலானதல்ல. பக்கவிளைவுகளில்தான் அது மேலே நின்றது.

புத்தம்புதிய சுசெட்ரிஜின் மருந்தின் கதை இன்னும் விசித்திரம்! நரம்பில் வலிச்சமிக்ஞை ஓடும் ஒரு குறிப்பிட்ட வாசலை மட்டும் அடைக்கும் மருந்து அது. காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு அதைச் சோதித்து 2024 டிசம்பரில் முடிவை அறிவித்தார்கள். பத்துக்கு அளக்கும் வலி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு புள்ளி குறைந்தது. வெற்றுக் குளிசைக்காரர்களுக்கும் அதே இரண்டு புள்ளி!

இந்த வெற்றுக் குளிசைக்கு அப்படி என்ன சக்தி? போர்த்துக்கல்லின் லிஸ்பனில் ஒரு குழு துணிந்து ஒன்று செய்தது. நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள்: "இதில் மருந்தே இல்லை, வெறும் மாக்குளிசை. தினமும் இரண்டு தடவை விழுங்குங்கள்." குப்பியிலும் அப்படியே எழுதியிருந்தது! மூன்று வாரத்தில் வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 2016இல் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகமே திகைத்தது. பொய் சொல்லாமலே வெற்றுக் குளிசை வேலை செய்கிறது! ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்து பேசுவது, நாள்தோறும் தன்னைக் கவனிக்க ஒரு சடங்கு, மாறலாம் என்ற எதிர்பார்ப்பு: இவை மூளைக்குள் உண்மையான வேலை செய்கின்றன என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

ஜேர்மனியில் 1,162 பேருக்கு நடந்த அக்குபங்சர் ஆய்வும் அதே கதைதான். சரியான புள்ளியில் ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதமானோருக்கு நல்ல முன்னேற்றம். வேண்டுமென்றே தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. வழமையான மருத்துவத்தில் 27.4 மட்டும்!

சத்திரசிகிச்சையையும் சொல்லிவிடவேண்டும். பிரித்தானியாவில் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர் 349 பேரை, எலும்புகளை இணைக்கும் சத்திரசிகிச்சைக்கும் தீவிரப் பயிற்சிக்குமாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவில் இரண்டுக்குமான இடைவெளி மிகச் சிறிது. கத்தி இல்லாமல் கிட்டத்தட்ட அதே பலன்!

நம் பக்கத்துச் சேதிகள்

நம் நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது, தெரியுமா? 18 நாடுகளில் 47 தொழிற்கூட்டங்களைச் சேர்ந்த 12,426 ஊழியர்களைக் கேட்டறிந்த பெரிய ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது. தாதியர், அலுவலகக் கணினிக்காரர், தபால் ஊழியர், தையல் இயந்திரப் பெண்கள் என்று நம்மவர்களையும் கேட்டார்கள். வேலையைக் கெடுக்கும் அளவுக்கான இடுப்பு வலி ஒரு கூட்டத்தில் 9.6 சதவீதம், இன்னொன்றில் 42.6 சதவீதம்! ஏறத்தாழ ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்கிடையிலும் நாட்டுக்கு நாடு பெரிய இடைவெளி. பாரத்தை மட்டும் நிறுத்து இந்த வித்தியாசத்தை விளக்கமுடியாது. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலை ஊழியர்கள் 3,020 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 1991ஆம் ஆண்டு ஆய்வும் இதையே தொட்டது. தன் வேலையில் மகிழ்ச்சியே காணாதவர்கள் முதுகு வலி என்று முறையிடும் வாய்ப்பு, மகிழ்ச்சி காண்பவர்களைவிட இரண்டரை மடங்கு!

களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்பஹா மாவட்டத்து ஆண்களில் நாட்பட்ட இடுப்பு வலியின் காரணிகளைத் தேடி 2013இல் வெளியிட்டார்கள். வலி ஒருவரின் அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்று உலகமெங்கும் அளக்கப் பயன்படும் பத்துப் பகுதி ஒஸ்வெஸ்ட்ரி வினாக்கொத்து, 2014இலிருந்து சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்திலும் இருக்கிறது. ஆகவே அளக்கும் கோலும் கையில், அளக்கத் தெரிந்தவர்களும் நாட்டில். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு லக்கல ஒன்றும் எட்டாத தூரமில்லை. கொழுந்து மலையிலும் பல்லேகம வயலிலும் ஒரு சிகிச்சை ஆய்வு நடக்கவேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

பெங்களூருக்கு அருகே பிரசாந்தி குடீரத்தில் 2008இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர் 80 பேர், ஏழு நாள் தங்கியிருந்து சிகிச்சை. பாதிப்பேருக்கு யோகம், பாதிப்பேருக்கு உடற்பயிற்சி. பத்மினி டேகூரின் குழு கண்டது: ஒரே வாரத்தில் யோகக் கூட்டத்தின் முடக்கம் கூடுதலாகக் குறைந்து, முதுகின் வளைவும் கூடியது! பின்னர் அமெரிக்காவின் பொஸ்டனில், பெரும்பாலும் வருமானம் குறைந்த 320 பேரில் சோதித்தபோது, யோகம் இயன்மருத்துவச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 2017இல் நிரூபணமானது.

கொச்சிக்காயைச் சொல்லாமல் விடலாமா! அந்த இனத்து மிளகாயின் சாரம் தோய்த்த பட்டை வெற்றுப் பட்டையைவிட இடுப்பு வலியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்பது மூலிகை ஆய்வுகளை அலசியவர்கள் கண்ட முடிவு. காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. (சமையலறைக் கொச்சிக்காயை அரைத்து இடுப்பில் அப்பிவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். ஆய்வில் பயன்பட்டது அளவாகச் செய்த மருந்துப் பட்டை.)

மூளை திரும்பி வருகிறது!

இனிச் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத அதிசயம். அமெரிக்காவில் வானியா அப்கேரியனின் குழு 2004இல் நாட்பட்ட முதுகு வலிக்காரர்களின் மூளையைப் படம் எடுத்தது. சாம்பல்நிறப் பொருள் 5 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது, பத்து முதல் இருபது ஆண்டு மூப்படைந்த அளவுக்கு! கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? பொறுங்கள். 2011இல் கனடாவின் மொன்றியலில், சிகிச்சை பெற்று ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்தார்கள். வலி குறைந்தவர்களின் மூளையில் மெலிந்திருந்த பகுதி மறுபடி தடித்திருந்தது. இழந்தது திரும்புகிறது!

வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது, காயம் ஆறிய பிறகும் மூளை ஆபத்து என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். வலி பொய் இல்லை, கற்பனை இல்லை, முழு உண்மை. ஆனால் அதன் ஊற்று இடம் மாறியிருக்கிறது. கொலராடோவில் 151 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு இதைப் பொறுமையாக விளக்கி, பயமில்லாமல் அசையவும் வலியைப் புதிதாகப் பார்க்கவும் நான்கு வாரம் பழக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் 66 சதவீதமானோர் வலி இல்லாமல், அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தார்கள்! வெற்று ஊசி போட்டவர்களில் அது 20 சதவீதம், வழமையான சிகிச்சையில் 10. ஆராய்ச்சியில் இப்படி ஓர் இடைவெளியைப் பார்ப்பது அபூர்வம்.

அவுஸ்திரேலியாவில் 492 பேரோடு நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. பல ஆண்டுகளாக வலியோடு முடங்கியவர்கள் அவர்கள். சிகிச்சைக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் இயன்மருத்துவர் ஒருவர் கேட்டது: எதைச் செய்ய அஞ்சுகிறீர்கள்? குனியவா? வாளி தூக்கவா? அதையே, அதே அசைவையே, மூச்சைத் தளர்த்தி, தசையை இறுக்காமல், படிப்படியாகச் செய்து பழக்கினார்கள். 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு சந்திப்புகள், பிறகு ஆறாம் மாதத்தில் ஒன்று. 2023இல் வந்த முடிவு: முடக்கம் பெருமளவு குறைந்தது, ஓராண்டுக்குப் பிறகும் குறைந்தே இருந்தது. விட்டார்களா? மூன்று ஆண்டு கழித்தும் போய்ப் பார்த்தார்கள். பலன் அப்போதும் நின்றது!

எண்ணிப்பாருங்கள். நாற்று நடக் குனிய அஞ்சும் ஒருவருக்கு மருந்து, வயலில் குனிந்து பழகுவதே!

ஒரு மாநிலமே இதைக் கற்றுக்கொண்ட கதையும் உண்டு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1997 முதல் 1999 வரை தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒரே செய்தி: முதுகு வலியா, படுத்துக்கிடக்காதீர்கள், நடமாடுங்கள். மக்களின் நம்பிக்கை மாறியது, வைத்தியர்களின் நம்பிக்கையும் மாறியது, முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன! விளம்பரம் இல்லாத பக்கத்து மாநிலத்தில் அந்த மாற்றம் இல்லை. நம் வானொலியில் சிங்களத்திலும் தமிழிலும் இதைச் செய்தால் என்ன? கொழுந்து மலைக்கும் கேட்கும், லக்கல வயலுக்கும் கேட்கும்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது தெரியுமா? விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற கைச்சிகிச்சைகள், மனவழிச் சிகிச்சை, அழற்சி குறைக்கும் சில மருந்துகள்: இவை பரிந்துரைப் பக்கம். இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை மருந்து: இவை வழமையாக வேண்டாம் என்ற பக்கம்!

ஓர் எச்சரிக்கை மட்டும் இடையில், தயவுசெய்து கவனியுங்கள். சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்தாலோ, கால் பலம் இழந்துகொண்டே போனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றாலும் வைத்தியரைப் பார்த்தே ஆகவேண்டும். இவை சிலருக்கே வரும். பெரும்பாலானோருக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு, படம் எடுத்துக் காட்டக்கூடிய தனிக்காரணம் எதுவும் இருப்பதில்லை.

நடந்தால் எவ்வளவு நாள்?

கடைசியாக, 2024இல் சிட்னியிலிருந்து வந்த செய்தி. இடுப்பு வலி வந்து சுகப்பட்டவர்கள் 701 பேர். இது திரும்பத் திரும்ப வரும் நோய், ஆகவே கேள்வி: அடுத்த வலியைத் தள்ளிப்போட முடியுமா? பாதிப்பேருக்கு வெறும் நடை! இயன்மருத்துவர் ஒருவர் ஆறு மாதத்தில் ஆறு தடவை சந்தித்து, வலியைப் பற்றி விளக்கி, அவரவருக்கு ஏற்ப நடையைக் கூட்டிக்கொண்டே போனார். இலக்கு: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். மற்றப் பாதிப்பேருக்கு எதுவும் இல்லை. நடக்காதவர்களுக்கு வலி திரும்ப எடுத்த நடுநிலைக் காலம் 112 நாள். நடந்தவர்களுக்கு எத்தனை தெரியுமா? 208 நாள்! கருவி இல்லை, மெத்தை இல்லை, குளிசை இல்லை. மாதக்கணக்கில் வலியில்லாத வாழ்வு கூடுதலாகக் கிடைத்தது!

நடந்தவர்களுக்குக் கால், பாதம், முழங்கால் நோவுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்ததையும் அந்த ஆய்வாளர்கள் ஒளிக்கவில்லை. ஆகவே பல்லேகமவில் தொடங்குபவர் எடுத்தவுடன் இலுக்கும்புர ஏற்றத்தைப் பிடிக்கவேண்டாம். முதல் வாரங்களில் ஊருக்குள்ளே சமதரை, பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் பழகியபிறகு மலைப்பாதை.